காஞ்சிப் பட்டு முதல் நானோ மருந்து வரை: புரதத்துக்கு 'மேப்' போட்ட ஜி.என்.ராமச்சந்திரன் யார்?

காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் முன்னாடி, சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்துப் பசையை எடுத்துடுவாங்க. அந்தப் பசை செரிசின். மிஞ்சும் பளபளப்பான இழை ஃபைப்ராயின். இரண்டுமே புரதம்தான்.

பட்டுப் புரதத்தையும், நம் தோலுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டினையும் மாதிரியாக வைத்து, பாக்டீரியா மூலம் புதுப் புரத பாலிமர்களை விஞ்ஞானிகள் தயாரிக்கிறார்கள். இவற்றில் சில, ஊசியில் திரவமாக இருக்கும். உடல் சூட்டில் ஜெல்லாக மாறும். உள்ளே வைத்த மருந்து மெல்ல மெல்ல வெளியேறும் என்பதே திட்டம்.

சரி, ஒரு புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கும், எப்படி மடங்காது? அந்தக் கணக்கைப் போட்டது சென்னை!

யார் இவர்?

1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். பெங்களூருவில் சர் சி.வி.ராமனின் மாணவர். கேம்பிரிட்ஜில் ஆய்வு முடித்து, 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது வயது சுமார் 30.

தோல், எலும்பு, தசைநாரில் உள்ள கொலாஜன் புரதத்தின் அமைப்பு அன்று பெரிய புதிர். மூன்று சங்கிலிகள் சேர்ந்தது அது என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்.

எதிர்ப்பு வந்தது எங்கிருந்து?

டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறுக்கே வந்தார்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். மூன்று சங்கிலி என்ற அடிப்படை நிலைத்தது. ஆனால் பிணைப்புகளின் எண்ணிக்கையில் கிரிக் தரப்பின் கணக்கே பின்னாளில் ஏற்கப்பட்டது.

ராமச்சந்திரன் அதோடு விட்டுவிடவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை தெரிந்த படிக அமைப்புகளை எல்லாம் அலசினார். சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் வெளியிட்டதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'.

அதில் என்ன இருக்கு?

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் முக்கியமாகச் சுழல்பவை இரண்டு கோணங்கள். அவற்றில் பெரும்பாலான சேர்க்கைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். இடிக்காத இடங்கள் கொஞ்சம்தான். பட்டு இழையின் மடிப்புக்கு ஓர் இடம், கொலாஜன் முறுக்குக்கு ஓர் இடம் என வரைபடம் பிரித்துக் காட்டும்.

1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, சி.டி. ஸ்கேன் படத்தைக் கணக்கிட உதவும் முறையையும் தந்தார். நோபல் கிடைக்கவில்லை. 2001-ல் சென்னையில் காலமானார்.

இவர் மருந்து எதையும் தயாரித்தவர் அல்ல. ஆனால் இன்றும் உலகில் எங்கே புதிய புரத அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரியா என்று பார்க்க இவருடைய வரைபடத்தைத்தான் எடுக்கிறார்கள்.