பெட்டியில் பெயர் பொறித்தவர்

விலையுயர்ந்த கைப்பைகளில் 'எல்', 'வி' என்னும் இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைத் தோழியர் பலர் பார்த்திருப்பீர்கள். அவ்வெழுத்துகளுக்கு உரியவர் லூயி விட்டோன். பெட்டி செய்தும், பிறர் உடைமைகளை அதில் அடுக்கிக் கொடுத்தும் உயர்ந்த தொழிலாளி அவர். ஓலைப்பெட்டி இழைக்கும் பெண்கள் வாழும் நயினாதீவைச் சேர்ந்த எனக்கு அவர் வரலாறு நெருக்கமாகத் தோன்றுகிறது.

1821ஆம் ஆண்டு பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள அன்ஷே என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை உழவர், தாய் தொப்பி செய்பவர். பத்து வயதில் தாயை இழந்தார். பதின்மூன்று வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, வழியில் கிடைத்த வேலைகளைச் செய்தபடி, 400 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை நடந்தே கடந்தார். 1837இல் பாரிஸ் நகரை அடைந்து, பெட்டி செய்பவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பிற்காலத்தில் பேரரசி யூஜினியின் ஆடைகளைப் பெட்டியில் அடுக்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது.

1854இல் சொந்தக் கடை திறந்தார். அக்காலப் பயணப் பெட்டிகளின் மூடி, மழைநீர் வழிந்தோடுவதற்காக வளைந்திருந்தது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. புகைவண்டியும் நீராவிக் கப்பலும் பெருகி வந்த காலத்தில் இது பெருங்குறை. விட்டோன் தட்டையான மூடியுள்ள பெட்டியைச் செய்து, நீர் புகாத சாம்பல்நிறக் கித்தான் துணியால் போர்த்தினார்.

நல்ல பொருள் வந்தால் போலியும் பின்னால் வரும். 1870இல் மூண்ட போரில் தொழிற்கூடம் பாழானது. அவர் மனம் தளராமல் மீண்டும் கடை திறந்து, 1872இல் கோடிட்ட துணிக்கு மாறினார். அதையும் பிறர் பின்பற்றவே, 1888இல் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களை அமைத்து, அதற்குள் பதிவு செய்யப்பட்ட தம் பெயரையும் இட்டார். 1892இல் அவர் காலமானார். தந்தையின் முதலெழுத்துகளையும் பூக்களையும் சேர்த்து, இன்று உலகறிந்த அடையாளத்தை 1896இல் வரைந்தவர் மகன் ஜோர்ஜ்.

அடையாளத்தின் பயனை எங்கள் குடும்பமும் அறியும். 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, என் உம்மும்மா கொண்டுபோன ஓலைப்பெட்டியின் மூடியில் சிவப்புச் சாயமிட்ட ஓலையால் இழைத்த கட்டம் ஒன்று இருந்தது. புத்தளம் முகாமில் மூட்டைகள் குவிந்து கிடந்தபோது, அந்தக் கட்டத்தை வைத்தே தன் பெட்டியை இனங்கண்டதாகச் சொல்வார்.

ஆனால் சந்தைக்கு வரும் எங்கள் தீவகத்துப் பெட்டிகளிலும் பாய்களிலும் இழைத்த பெண்ணின் பெயர் இல்லை. ஊரின் பெயரும் இல்லை. வாங்குபவருக்கு அது வெறும் ஓலைப்பொருள். பெயரில்லாத பொருளுக்கு விலையை வாங்குபவரே முடிவு செய்கிறார். இன்னொரு பக்கம், விட்டோனின் எழுத்துகளைத் தாங்கிய போலிப் பைகளை நம்மில் சிலர் ஆசையோடு வாங்குகிறோம்.

பெற்றோரே, தோழியரே, ஆடம்பரப் பொருள் வாங்கும்படி நான் சொல்லவில்லை. முதலில் குறையில்லாத பொருள், பிறகு அதன்மேல் பெயர் என்ற ஒழுங்கையே விட்டோனிடம் நான் கற்றேன். சித்திரம் வரையத் தெரிந்த மாணவியர் நம்மிடையே பலர் உள்ளனர். ஓலை இழைக்கும் ஒரு தாய்க்கு ஓர் அடையாளம் வரைந்து கொடுப்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.