அனுமதிச் சீட்டை எதிர்த்த முதியவர்

அரியலூர் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் புதிதன்று. எழுபதுகளின் இறுதியில் எங்கள் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்ட விரும்பிய என் தந்தை, சிமென்ட் மூட்டைகளுக்காக அரசு அலுவலகம் ஒன்றில் மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைந்தார். கல் எங்கள் மண்ணில் கிடைத்தது. அதிலிருந்து செய்த சிமென்ட்டை வாங்கும் உரிமை ஓர் அனுமதிச் சீட்டில் இருந்தது. பின்னாளில் பொருளாதாரம் பயின்றபோதுதான், அத்தகைய சீட்டுகளுக்கு எதிராக, எண்பது வயதைக் கடந்த பின் ஒருவர் கட்சி தொடங்கினார் என்பதை அறிந்தேன். அவர் ராஜாஜி.

1878 டிசம்பர் 10 அன்று ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி, சேலத்தில் வழக்குரைஞராகப் புகழ் பெற்றார். 1917-இல் அந்நகராட்சியின் தலைவரானார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று வருவாய் மிகுந்த தொழிலைத் துறந்தார். பலமுறை சிறை சென்றார். 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார்.

சுதந்திரச் சிந்தனையாளராக இன்று போற்றப்படும் அவர், அதிகாரத்தில் இருந்தபோது எப்போதும் சுதந்திரத்தின் பக்கம் நின்றவர் அல்லர். 1938-இல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்துப் போராடியவர்களைச் சிறையில் அடைத்தார். 1951-இல் மத்திய உள்துறை அமைச்சராகப் பத்திரிகைகளுக்குக் கடிவாளமிடும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவருடைய வாழ்க்கையை எழுதுவோர் இவற்றைக் கடந்துபோகக் கூடாது.

மாற்றத்தின் முதல் அடையாளத்தை 1952-இல் காண்கிறோம். முதலமைச்சராகப் பொறுப்பேற்ற சில வாரங்களில், உலகப் போர்க் காலத்திலிருந்து நீடித்துவந்த உணவு தானியக் கட்டுப்பாட்டை அவர் நீக்கினார். பஞ்சம் வரும் என்று பலர் அஞ்சினர். ஆனால், பதுக்கி வைக்கப்பட்டிருந்த நெல் சந்தைக்கு வந்தது. கட்டுப்பாடே பற்றாக்குறையை வளர்க்கக்கூடும் என்ற பாடத்தை அவர் நூல்களில் மட்டும் கற்கவில்லை. ஆட்சியில் இருந்து கற்றார்.

ஆனால், அடுத்த ஆண்டே அவருடைய பார்வையின் எல்லையும் வெளிப்பட்டது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற திட்டத்தை அறிவித்தார். மக்கள் அதைக் குலக்கல்வி என்றே அழைத்தனர். எதிர்ப்பு வலுத்தது, 1954-இல் பதவி விலகினார். ஆலயப் பிரவேசத்துக்கு 1939-இல் சட்டப் பாதுகாப்பு அளித்த அதே தலைவர், பிறப்பு இடும் விலங்கும் அரசு இடும் விலங்கைப் போன்றதே என்பதை இங்கே காணத் தவறினார். கூலித் தொழிலாளியின் குழந்தைக்கு முதல் விடுதலை பள்ளிக்கூடமே.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை வலியுறுத்தியது. உழவரின் நிலத்தின் மீதே அரசின் கை நீள்வதாகக் கருதிய ராஜாஜி, அதே ஆண்டு ஜூனில் சென்னையில் சுதந்திரா கட்சியை அறிவித்தார். என்.ஜி. ரங்காவும் மினூ மசானியும் துணை நின்றனர். தொழில் தொடங்கவும், விரிவாக்கவும், இறக்குமதி செய்யவும் அதிகாரியின் கையொப்பம் வேண்டியிருந்த ஏற்பாட்டுக்கு லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் என்று பெயரிட்டார். கையொப்பம் அருமையாகும்போது அதற்கு விலை உண்டாகிறது. அந்த விலை ஆளுங்கட்சியின் நிதியாகிறது. போட்டியிட முடியாமல் சிறியவர் ஒதுங்குகிறார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன், பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்கு மட்டுமே தனிமனிதர் மீது அரசு வலிமையைப் பயன்படுத்தலாம் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். ராஜாஜி முழுமையான மில்வாதி அல்லர். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய அவர், இறுதிவரை அதில் தளரவில்லை. அவருடைய சுதந்திரம் தர்மத்துக்கும் சுயக்கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது.

ஆனால், தம் முடிவை மாற்றிக்கொள்ளும் துணிவு அவருக்கு இருந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில், ஹிந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை வெளிப்படையாக எதிர்த்தார். 1964-இல் நம் கீழப்பழுவூர் சின்னச்சாமி திருச்சியில் தீக்குளித்து மாண்ட மொழிப் போராட்டக் காலத்தில், 1938-இன் முதல்வர் எதிர்த்தரப்பில் நின்றிருந்தார். 1967 தேர்தலில் பழைய எதிரியான தி.மு.க.வுடன் கைகோத்தார். அத்தேர்தலில் சுதந்திரா கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. 1972 டிசம்பர் 25 அன்று அவர் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில் கட்சியும் வேறொன்றில் கரைந்தது.

சிமென்ட் கட்டுப்பாடு 1982-இல் ஓரளவு தளர்ந்து, 1989-இல் முற்றிலும் நீங்கியது. இன்று அரியலூரில் ஆலைகள் பல. சிமென்ட் வாங்க யாரும் மனு எழுதுவதில்லை. ஆனால், ஆலைத் தூசி, விரையும் லாரிகள், தோண்டிக் கைவிடப்பட்ட குழிகள் பற்றி மக்கள் இன்றும் மனு எழுதுகிறார்கள். அன்று, ஒருவர் எத்தனை மூட்டை வாங்கலாம் என்பதை அரசு எண்ணிக்கொண்டிருந்தது. இன்று, அவர் சுவாசிக்கும் காற்றை அதே கவனத்தோடு அது அளக்க வேண்டும். அனுமதிச் சீட்டு ஒழிந்தால் அரசின் வேலை முடிந்துவிடுவதில்லை. உண்மையான வேலைக்கு அதற்கு நேரம் கிடைக்கிறது. ராஜாஜியின் சரிகளையும் பிழைகளையும் சேர்த்துப் படித்த பின் எனக்கு எஞ்சும் பாடம் இதுதான்.