தந்தை செல்வா: ஆசிரியப் பணியிலிருந்து அரசியலுக்கு

புலம்பெயர்ந்த நாட்டில் நாலு ஈழத்தமிழர் கூடினால் பேச்சு எப்படியும் ஊர் அரசியலுக்குப் போய்விடும். அப்போது யாராவது ஒருவர், தந்தை செல்வா என்னதான் சாதித்தார் என்று கேட்பார். ஒரு காலத்தில் நானும் அப்படிக் கேட்டவன்தான். அவருடைய வரலாற்றை ஆறுதலாக வாசித்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

சா. ஜே. வே. செல்வநாயகம் 1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். விஞ்ஞானப் பட்டம் பெற்று, கொழும்பில் தாம் படித்த பரி. தோமையார் கல்லூரியிலேயே ஆசிரியரானார். மரணப்படுக்கையில் இருந்த சகோதரனைப் பார்க்க லீவு மறுக்கப்பட்டதும் வேலையை விட்டு விலகினார். பிறகு வெஸ்லி கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தபடியே சட்டம் படித்தார். சிவில் வழக்குகளில் பெயர்பெற்ற வழக்கறிஞரானார்.

1947இல் காங்கேசன்துறையிலிருந்து தமிழ்க் காங்கிரஸ் உறுப்பினராக நாடாளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அந்த அரசில் தம் கட்சி சேர்ந்தபோது அவர் சேரவில்லை. 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் தோற்றார். 1956இல் திரும்பி வந்தார்.

1957இல் பண்டாரநாயக்காவுடன் ஒப்பந்தம் செய்தார். பிக்குகளின் எதிர்ப்பால் அடுத்த ஆண்டே அது கிழிக்கப்பட்டது. 1961இல் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடத்தித் தடுப்புக்காவலில் இருந்தார். 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. அதன்படி வரவேண்டிய மாவட்ட சபைத் திட்டம் 1968இல் கைவிடப்பட்டது.

1972 குடியரசு யாப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று காட்ட, அந்த அக்டோபரில் தம் ஆசனத்தையே துறந்தார். இடைத்தேர்தலை அரசு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தது. 1975 பெப்ரவரியில் 16,000க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, குரல் மெலிந்து, காது மந்தமாகியிருந்த காலம் அது. சமஷ்டி கேட்டே கால் நூற்றாண்டைக் கழித்தவர், 1976 மே மாதம் வட்டுக்கோட்டை மாநாட்டில் தனிநாட்டுத் தீர்மானத்துக்குத் தலைமை தாங்கினார். 1977 ஏப்ரல் 26இல் காலமானார்.

அவர் கேட்டது கிடைக்கவில்லை, உண்மைதான். ஆனால் கையெழுத்திட்ட இரண்டு ஒப்பந்தங்களிலும் சொல் தவறியது அவரல்ல. தோல்வியை அவர் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாக எனக்குப் படவில்லை.