வாடகைக் கொடுமையை வென்ற மேரி பார்பர்

மாதம் பிறந்ததும் ஏழைத் தொழிலாளியின் நெஞ்சில் முதலில் வந்து நிற்கும் கவலை எது? அரிசிக் கடன் அல்ல. அதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். துணிமணி அல்ல, அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். தள்ளவே முடியாத ஒன்று குடிக்கூலி! தள்ளினால் தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவுக்கு வந்துவிடும். இந்த அச்சத்தை நம்பித்தான் உலகெங்கும் பேராசைக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். அந்த அச்சத்தைத் தெருத் தெருவாக விரட்டியடித்த தாய் ஒருத்தி உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மேரி பார்பர் அம்மையார்தான் அவர்.

1875-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கில்பார்க்கன் என்னும் நெசவாளர் ஊரில் அவர் பிறந்தார். தந்தை கம்பள நெசவாளி. வீட்டில் பிள்ளைகள் ஏழு பேர். மேரியும் நூல் முறுக்கும் வேலைக்குப் போனார். பிறகு கம்பளத்தில் அச்சுப் பதிக்கும் வேலை பார்த்தார். 1896-இல் டேவிட் பார்பர் என்ற இயந்திரத் தொழிலாளியை மணந்து, கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் தொழிலாளர் நிறைந்த கோவன் பகுதியில் குடியேறினார். பெற்ற முதல் குழந்தையை மூளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார்.

அந்நாளில் கிளாஸ்கோத் தொழிலாளி வாழ்ந்த வீடு எப்படிப்பட்டது? மாடி மேல் மாடியாகக் கல் கட்டடம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, மிஞ்சினால் இரண்டு. பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரே கக்கூஸ். கட்டடமோ தனியார் உடைமை. வாடகை வசூலிக்க ஏஜெண்டுகள்.

1914-இல் உலகப் போர் மூண்டது. ஆண்கள் போர்க்களம் போனார்கள். ஆயுத ஆலைகளுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் வெளியூர்த் தொழிலாளர் வந்து குவிந்தார்கள். வீடு கிடைப்பது அரிதாயிற்று. வீட்டுக்காரர்களுக்கு வேட்டையாயிற்று! 1915-இல் சில இடங்களில் நூற்றுக்கு 25 வரை வாடகை ஏறியது. கொடுக்க முடியாதவர் வீட்டுக்கு அமீனா வந்தார். கணவன் நாட்டுக்காகக் குண்டடிபட நிற்கையில், மனைவி மக்களை நடுத்தெருவில் நிறுத்துவதா?

மேரி அம்மையார் கொதித்தெழுந்தார். ஆனால் கொதிப்போடு நிற்கவில்லை, அமைப்புக் கட்டினார். அடுப்படிகளிலும் கொல்லைப்புறங்களிலும் கூட்டம் போட்டார். தெருவுக்குத் தெரு குழு அமைந்தது. பழைய வாடகையைத் தருவது, ஏற்றியதைத் தருவதில்லை என்று தீர்மானமாயிற்று. மாடிப்படி வாயிலில் ஒரு பெண் கையில் மணியோடு காவலிருப்பாள். அமீனா தலை தெரிந்ததும் மணி ஒலிக்கும். அடுப்பை விட்டு, துவைக்கும் துணியை விட்டு, மாதர் ஓடி வருவார்கள். கையில் கிடைத்த மாவுப் பொட்டலமே ஆயுதம்! மாவில் குளித்த அமீனா வந்த வழியே திரும்புவார். மேரியம்மாளின் சேனை என்று ஊரே அவர்களை அழைத்தது.

ஒருமுறை, மற்றவர் எல்லோரும் கட்டிவிட்டார்கள் என்று பொய் சொல்லி ஒரு பெண்ணிடம் ஏற்றிய வாடகையை ஏஜெண்டு வாங்கிவிட்டான். அம்மையார் கப்பல் பட்டறைத் தொழிலாளரைத் திரட்டிக்கொண்டு அவன் அலுவலகத்துக்கே போனார். வாங்கிய பணம் திரும்பி வந்தது.

1915 நவம்பரில், ஏற்றிய வாடகையைத் தர மறுத்தவர்கள் சுமார் 20,000 பேர். அந்த மாதம் 17-ஆம் நாள் 18 குடித்தனக்காரர்கள் மீது கோர்ட்டில் வழக்கு. மாதர் படை ஊர்வலமாகப் புறப்பட்டது. பட்டறைத் தொழிலாளர் வேலையைப் போட்டுவிட்டு உடன் நடந்தார்கள். கோர்ட்டு வாசல் மனிதக் கடலாயிற்று. வழக்குக் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே பார்லிமெண்டில் சட்டம் பிறந்தது. சிறு வீடுகளின் வாடகை, போர் மூண்ட 1914 ஆகஸ்டு அளவிலேயே நிற்க வேண்டும் என்பது அச்சட்டம். கிளாஸ்கோவுக்கு மட்டுமல்ல, நாடு முழுமைக்கும்!

வெற்றி கிடைத்ததும் அம்மையார் ஓய்ந்தாரா? இல்லை. சட்டம் வாடகையைக் கட்டும், வீட்டைக் கட்டாது! 1920-இல் அவர் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏழைகளுக்குப் பொது வீடு, பொதுக் குளியலறை, சலவைக் கூடம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் என்று ஓயாமல் வாதாடினார். நகரசபைகள் வீடு கட்ட அரசு பணம் தரும் முறை 1919-இலேயே வந்திருந்தது. 1924-இல், கிளாஸ்கோவின் பார்லிமெண்டு உறுப்பினர் ஜான் வீட்லி, தொழிற்கட்சியின் முதல் மந்திரிசபையில் இருந்து மற்றொரு சட்டம் செய்தார். வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 9 பவுன் வீதம் 40 ஆண்டுகளுக்கு உதவித் தொகை. அதனால் எழுந்த வாடகை வீடுகள் சுமார் 5 லட்சம். ஆனாலும் அடிமட்ட ஏழைக்கு அந்த வாடகையும் கனமாகவே இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். வீடு கட்டினால் போதாது; வாடகை கூலிக்குள் அடங்கவும் வேண்டும்.

1958 ஏப்ரல் 2-ஆம் நாள் அம்மையார் கண்மூடினார். 60 ஆண்டுகள் கழித்து, 2018 மார்ச் 8-ஆம் நாள், கோவனில் அவருக்குச் சிலை திறந்தார்கள். அச்சிலையில் அவர் தனியே நிற்கவில்லை. பின்னால் மக்கள் வரிசையாக நடந்து வருகிறார்கள்.

தோழர்களே! தனி வீட்டின் வாசலில் அமீனாவே பெரியவர். தெரு ஒன்றுபட்டால் அவர் சிறியவர். அம்மையார் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே. மணி ஒன்றை வாங்குவது எளிது. அது ஒலித்ததும் ஓடிவரும் அண்டை வீட்டாரைத் திரட்டுவதே நம் வேலை.