உடைந்த ஓடுகளால் ஓர் எழிற் பூங்கா

பீங்கான் தட்டு ஒன்று கை தவறி விழுந்து உடைந்தால் நாம் என்ன செய்கிறோம்? காலில் குத்திவிடுமே என்று அஞ்சித் துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அத்துண்டுகளுக்கும் ஓர் இடம் உண்டு என்று கண்டவர் ஒருவர் இருந்தார். அவரே அந்தோணி கௌடி என்னும் கட்டடக் கலை மேதை.

ஸ்பெயின் நாட்டின் காத்தலோனியாவில், ரெயூஸ் நகரப் பகுதியில், 1852ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் செம்புப் பாத்திரங்கள் செய்யும் கன்னார். தட்டையான தகடு அவருடைய சுத்தியலின் கீழ் வளைந்து கொப்பரையாவதைப் பார்த்தே சிறுவன் வளர்ந்தான். இளமையிலேயே மூட்டுவாதம் அவனை வாட்டியது. மற்றப் பிள்ளைகளோடு ஓடியாட இயலாத நாட்களில் செடி கொடிகளையும் சிற்றுயிர்களையும் உற்றுநோக்குவதே அவனுக்கு விளையாட்டாயிற்று. நோய் தந்த அந்த ஓய்வே பிற்காலத்தில் பெருஞ்செல்வமாக மாறியது.

பார்சலோனா நகரில் கட்டடக் கலை பயின்று 1878இல் பட்டம் பெற்றார். யூசெபி குயெல் என்னும் நெசவாலைச் செல்வர் அவருடைய திறமையை உணர்ந்து நண்பரானார். 1883இல், தம் 31ஆம் வயதில், திருக்குடும்பப் பேராலயத்தைக் கட்டும் பொறுப்பையும் கௌடி ஏற்றார்.

1900ஆம் ஆண்டில் குயெல் ஒரு புதிய திட்டத்துடன் வந்தார். நகரின் ஓரத்திலுள்ள குன்றின் மேல், தோட்டங்களின் நடுவே, 60 மனைகள் கொண்ட குடியிருப்பு ஒன்றை அமைக்க வேண்டும். குன்றை வெட்டிச் சமன் செய்யக் கௌடியின் மனம் ஒப்பவில்லை. மேடு பள்ளங்களுக்கு ஏற்பப் பாதைகளை வளைத்தார். 86 தூண்கள் தாங்கும் மண்டபம் ஒன்றை எழுப்பி, அதன் மேல்தளத்தைத் திறந்த வெளியாக்கினார். அங்கு விழும் மழைநீர் தூண்களின் உள்ளே இறங்கிக் கீழேயுள்ள தொட்டியில் சேரும்.

மேல்தளத்தின் விளிம்பில் பாம்பு நெளிவதுபோல் ஏறத்தாழ 110 மீட்டர் நீளமுள்ள ஆசனம் அமைந்தது. அதை எதனால் அழகு செய்வது? பீங்கான் ஓடு தட்டையானது. ஆசனமோ எங்கும் வளைந்தது. வளைந்த பரப்பில் முழு ஓடு பொருந்தி அமராது. ஆகவே ஓட்டை உடைத்தார்கள். துண்டு சிறிதாகச் சிறிதாக, எந்த வளைவுக்கும் அது இணங்கியது. தொழிற்சாலைகள் கழித்த ஓடுகளும், உடைந்த தட்டுகளும், கோப்பைகளும், புட்டிகளும் பூங்காவில் வந்து குவிந்தன. அவற்றை ஈரக் காரையில் ஒவ்வொன்றாகப் பதித்து, இடுக்குகளை நிரப்பினார்கள். உடைத்தல் என்னும் பொருள்படும் சொல்லால் காத்தலோனிய மக்கள் இம்முறையைத் திரென்காதீஸ் என்பர். வாயிற்படிகளின் நடுவே நீர் உமிழும் பெரிய பல்லியும் இவ்வாறே வண்ணச் சட்டை பூண்டது.

இங்கே இன்னொருவரையும் நாம் மறக்கலாகாது. ஆசனத்தின் வண்ணங்களைத் தேர்ந்து இணைத்தவர் கௌடியைவிட 27 வயது இளையவரான ஜுஜோல் என்பவர். இளையவர்தானே என்று எண்ணாமல் அவர் கையில் அப்பெரும் பணியை ஒப்படைத்தது கௌடியின் பெருந்தன்மை.

ஆனால் திட்டம் தோற்றது. 60 மனைகளில் இரண்டு வீடுகளே எழுந்தன. 1914இல் வேலை நின்றது. அவ்விரண்டில் ஒன்றில் 1906 முதல் முதிய தந்தையோடும் தமக்கை மகளோடும் கௌடியே குடியிருந்தார். தந்தை அதே ஆண்டிலும், அப்பெண் 1912இலும் இறந்தனர். 1918இல் நண்பர் குயெலும் மறைந்தார். தனிமையில் ஆழ்ந்த கௌடி செபத்திலும் திருக்குடும்ப ஆலயப் பணியிலும் தம்மை முற்றிலும் கரைத்துக்கொண்டார். உண்பதிலும் உடுப்பதிலும் எளிமை மிகுந்தது.

1926ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் மாலை, செபிப்பதற்காக நடந்து சென்றவர் மீது டிராம் வண்டி மோதியது. பழைய உடையைக் கண்டவர்கள் யாரோ ஒரு பிச்சைக்காரர் என்று எண்ணினர். ஏழைகளுக்கான மருத்துவமனையில் பெயரற்றவராகக் கிடந்தார். மறுநாள்தான் நண்பர்கள் தேடிக் கண்டுபிடித்தனர். ஜூன் 10ஆம் நாள் உயிர் பிரிந்தது. தாம் கட்டிய ஆலயத்தின் நிலவறையிலேயே நல்லடக்கம் பெற்றார்.

அதே 1926இல் குயெல் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. செல்வர் சிலருக்காகத் தொடங்கியது எல்லாருக்கும் உரியதாயிற்று. 1984இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2010இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் திருக்குடும்ப ஆலயத்தை அர்ச்சித்தார். 2025 ஏப்ரல் 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் கௌடியின் வீரத்துவ நற்பண்புகளை ஏற்று, அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

தோழியரே, உடைந்த ஓட்டின் மதிப்பை அறிந்த மனிதரை, பழைய உடையில் கண்டபோது அவருடைய நகரமே அறிந்துகொள்ளவில்லை. அத்தவறு நம் வகுப்பறையிலும் நிகழக்கூடும். பின் இருக்கையில் தனியே அமர்ந்திருப்பவள், தேர்வில் தவறியவள், கிழிந்த பையோடு வருபவள் ஆகியோரைக் கடந்து செல்லும்போது சற்றே நின்று பெயர் சொல்லி அழைப்போம். நம் பள்ளி என்னும் பூங்காவில் அவர்களுக்கும் இடம் உண்டு.