சங்கிலி பிடித்த கை

சர்வே பிராக்டிகலில் மொட்டை வெயிலில் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம் எனக்கு ரோஜர் ஷெர்மன் ஞாபகம் வரும். டிப்ளமோவா, டிகிரி இல்லையா என்று சொந்தக்காரங்க இழுக்கும்போதும் அவர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

1721-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். அப்பா விவசாயி, செருப்பும் தைப்பார். மகனும் அந்தத் தொழிலையே கற்றார். கல்லூரியில் படித்ததே இல்லை. 1741-ல் அப்பா போய்விட, குடும்பப் பாரம் இவர் தலையில். இரண்டு வருஷத்தில் எல்லோரும் கனெக்டிகட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே 1745-ல் சர்வேயர் வேலை கிடைத்தது. அந்தக் காலத்து சர்வேயருக்குத் திசைகாட்டியும் சங்கிலியும்தானே ஆயுதம்! கணக்கில் புலி, பஞ்சாங்கம்கூடக் கணித்து அச்சிட்டார். வரப்புத் தகராறு, பத்திரம் என்று அலைந்ததில்தான் சட்டத்தில் பிடிப்பு வந்திருக்கும் என்பது என் எண்ணம். தானே படித்து 1754-ல் வக்கீலானார். பிறகு நீதிபதி. படிக்காத யேல் கல்லூரிக்கே பொருளாளராகவும் இருந்தார்!

1776-ல் சுதந்திரப் பிரகடனம் தயாரித்த ஐவர் குழுவில் ஜெஃபர்சன், ஃபிராங்க்ளினோடு இவரும் ஒருவர்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது 1787 ஃபிலடெல்ஃபியா மாநாடு. அப்போது அவருக்கு 66 வயது. ஜனத்தொகைப்படி இடம் வேண்டும் என்றன பெரிய மாநிலங்கள். சமமாக வேண்டும் என்றன சின்ன மாநிலங்கள். மாநாடே உடைகிற நிலைமை. ஒரு சபை ஜனத்தொகைப்படி, இன்னொரு சபையில் எல்லோருக்கும் சமம் என்று ஜூன் 11-ல் ஷெர்மன் சொன்னார். எடுபடவில்லை. மனுஷர் விடவில்லையே! ஜூலை 16-ல் அந்த ஏற்பாடுதான் 5-க்கு 4 என்ற ஓட்டில் நிறைவேறியது. மாசசூசெட்ஸின் ஓட்டு இரண்டாகப் பிரிந்து கணக்கில் சேராததால் தப்பியது. இன்றைக்கும் எவ்வளவு சின்ன மாநிலமானாலும் 2 செனட்டர்கள்தான்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. அடிமை வியாபாரம் அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் தென் மாநிலங்கள் விலகிவிடக் கூடாதே என்று, 1808 வரை அதற்குத் தடை போடக்கூடாது என்ற பிரிவுக்குச் சம்மதித்தார். எல்லை கட்டிச் சண்டை தீர்க்கத் தெரிந்தவர், அங்கே யாருடைய தலைக்கு மேல் சமரசம் செய்தார் என்று யோசித்தால் மனசு கனக்கிறது.

நாட்டை உருவாக்கிய 4 பெரிய ஆவணங்களிலும் கையெழுத்திட்டவர் இவர் ஒருவர்தான். 1793 ஜூலையில் நியூ ஹேவனில் இறந்தபோது செனட்டராகவும் அந்த ஊர் மேயராகவும் இருந்தார்.