கார்ல் டிரைஸ்

கார்ல் டிரைஸ் (ஏப்ரல் 29, 1785 – டிசம்பர் 10, 1851) செருமானியக் கண்டுபிடிப்பாளர் ஆவார். ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரு சக்கரங்களைக் கொண்டதும் மனித ஆற்றலால் மட்டுமே இயங்குவதுமான வண்டியை 1817 ஆம் ஆண்டில் உருவாக்கினார். இது இன்றைய மிதிவண்டியின் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இளமை

டிரைஸ் பாடன் நாட்டின் கார்ல்சுரூ நகரில் உயர்குடிக் குடும்பத்தில் பிறந்தார். இவரது தந்தை அந்நாட்டின் தலைமை நீதிபதியாக விளங்கியவர். டிரைஸ் ஐடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற பின் வனத்துறை அதிகாரியாகப் பணியாற்றினார். பின்னர் அப்பணியிலிருந்து ஊதியத்துடன் விடுவிக்கப்பட்டு, கண்டுபிடிப்புகளில் ஈடுபட்டார். முதலில், மனிதரே இயக்கும் நான்கு சக்கர வண்டி ஒன்றை அமைத்தார். அது வரவேற்பைப் பெறவில்லை.

ஓடும் பொறி

டிரைசின் இரு சக்கர வண்டி பெரும்பாலும் மரத்தால் ஆனது. ஏறத்தாழ 22 கிலோகிராம் எடை கொண்டது. இதற்கு மிதிகட்டைகள் இல்லை. இருக்கையில் அமர்ந்தவர் கால்களால் தரையை மாறி மாறி உந்தி வண்டியைச் செலுத்தினார். முன்சக்கரத்தைக் கைப்பிடியால் திருப்ப இயலும். வண்டி சாயும் பக்கமாக முன்சக்கரத்தைத் திருப்பிச் சமநிலை காக்கலாம் என்பதே இதன் சிறப்பு. இன்றைய மிதிவண்டியும் இவ்வாறே நிலைநிற்கிறது.

சூன் 12, 1817 அன்று டிரைஸ் மான்ஐம் நகரிலிருந்து சுவெட்சிங்கன் செல்லும் சாலையில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் சென்று திரும்பினார். முழுப் பயணமும் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. 1815 இல் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் பயிர்கள் அழிந்தன. குதிரைத் தீவனம் அரிதானது. இதுவே குதிரையில்லா வண்டியைத் தேடத் தூண்டியது எனச் சில வரலாற்றாய்வாளர் கருதுவர்.

1818 சனவரியில் பாடன் அரசு இவ்வண்டிக்குப் பத்தாண்டுக் காப்புரிமை வழங்கியது. எனினும் அந்நாட்டிற்கு வெளியே அது செல்லுபடியாகவில்லை. பிற நாடுகளில் பலர் இதைப் போலச் செய்து விற்றனர். கரடுமுரடான சாலைகளைத் தவிர்த்து ஓட்டுநர்கள் நடைபாதைகளில் சென்றதால் பல நகரங்கள் இதைத் தடை செய்தன.

அரசியலும் துன்பங்களும்

நாடகாசிரியர் கோட்செபுவைக் கொன்ற மாணவர் கார்ல் சாண்டு 1820 இல் தூக்கிலிடப்படாமல் தலை வெட்டப்பட்டார். சாண்டின் தண்டனையைக் குறைக்க டிரைசின் தந்தை பரிந்துரைக்கவில்லை. இதனால் சினமுற்ற மாணவர்கள் மகனையும் துன்புறுத்தினர். 1822 இல் பிரேசிலுக்குச் சென்ற டிரைஸ், அங்கு நில அளவையாளராகப் பணிபுரிந்து 1827 இல் நாடு திரும்பினார்.

1849 இல் பாடன் புரட்சியின்போது குடியரசை ஆதரித்துத் தமது பிரபுப் பட்டத்தைத் துறந்தார். புரட்சி ஒடுக்கப்பட்டதும் இவரது ஓய்வூதியம் பறிக்கப்பட்டது; இவரைப் பித்தராக அறிவிக்கவும் எதிராளிகள் முயன்றனர். டிரைஸ் 1851 இல் கார்ல்சுரூவில் வறுமையில் இறந்தார். பின்னாளில் தானுந்தை உருவாக்கிய கார்ல் பென்ஸ் அப்போது அதே நகரில் சிறுவனாக வாழ்ந்து வந்தார்.

பிற கண்டுபிடிப்புகள்

விசைப்பலகை கொண்ட தட்டச்சுப் பொறி, சுருக்கெழுத்துப் பொறி, இறைச்சி அரைக்கும் பொறி, விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்பு ஆகியவற்றையும் இவர் உருவாக்கினார்.

நினைவு

1860களில் பாரிசில் முன்சக்கரத்தில் மிதிகட்டைகள் பொருத்தப்பட்ட வண்டிகள் பரவிய பின்னரே டிரைசின் பணி மீண்டும் நினைவுகூரப்பட்டது. 1891 இல் மிதிவண்டி ஆர்வலர்கள் இவரது எச்சங்களைக் கார்ல்சுரூவின் முதன்மைக் கல்லறைத் தோட்டத்தில் மீள அடக்கம் செய்தனர். தண்டவாளத்தில் மனிதர் இயக்கும் வண்டிகள் பல ஐரோப்பிய மொழிகளில் இவர் பெயரால் டிரெசின் என அழைக்கப்படுகின்றன.